பிள்ளைகள் எத்தனை பேர்

செவிலிமேடு, காஞ்சிபுரம்
2.4.2025

தங்கை லில்லிக்கு,

அண்ணன் யேசுதாஸ் சொல்ல, குமாரவேல் எழுதுகிறார். அவரை உனக்குத் தெரியும். நம் தெருவுக்கு முப்பது வருஷம் தபால் கொண்டுவந்தவர். நீ போட்ட கடிதங்களை எல்லாம் எனக்குப் படித்துக் காட்டியதும் அவர்தான். இப்போது ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிறார். போனில் பேசிவிடலாமே என்று சத்யராஜ் சொல்கிறான். என் காதுக்குப் போன் எட்டுவதில்லை, ஊசி குத்துகிற மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது. உன் வீட்டிலும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துத்தான் பேசுகிறார்கள்.

நாலு வருஷமாக நான் உனக்கு ஒரு வரி போடவில்லை. ஜோசுவாவை அடக்கம் பண்ணின அன்றைக்கு நீ வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். என்னைக் கிட்டே விடவில்லை, குழியை மிஷின் வெட்டியது. லாக்டவுனில் ஓசூரிலிருந்து நீ எப்படி வந்திருப்பாய் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. அது இருக்கட்டும்.

இப்போது விஷயம் வேறு. இந்த மூன்று சென்ட் மனையும் வீடும் என் பேரில் இருக்கிறது. அதில் பாதியை ஜோசுவா பெண்டாட்டி சுகாசினிக்கு எழுதிவைக்கலாம் என்று பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போனேன். அவளுக்கும் பேத்தி ஷாரோனுக்கும் வேறு கூரை கிடையாது. சத்யராஜ் அங்கே ஒரு மனு கொடுத்துவிட்டான். எங்கள் அப்பாவுக்குப் புத்தி சரியில்லை, யார் எது சொன்னாலும் செய்துவிடுவார் என்று. டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவந்தால்தான் பதிவு பண்ண முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

அவனைக் கெட்டவன் என்று நினைக்காதே. தை மாதத்தில் ஒரு நாள் கேஸ் அடுப்பை மூடாமல் வெளியே போய்விட்டேன். அதிலிருந்து அவனுக்குப் பயம். "நைனா, நான் உன்மேல கேஸா போட்டேன்? டாக்டரு ஒரு தபா பாக்கட்டும். நாளைக்கு அண்ணி வூட்டு ஆளுங்க வந்து பூந்துக்கினா யாரு கேக்கறது?" என்கிறான்.

போன வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் சின்னப் பெண். நல்ல பெண்தான். "ஐயா, இன்னைக்கு என்ன தேதி?" என்றாள்.

"தவக்காலம் மூணாம் ஞாயிறு முடிஞ்சி வியாழக்கிழமைமா."

அவள் சத்யராஜைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

மூன்று சொல் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். மல்லி, சைக்கிள், பூட்டு. கேட்டபோது சொன்னேன். இப்போதும் சொல்வேன். ஓர் அட்டையைக் காட்டி, அதில் இருக்கிறபடி செய்யுங்கள் என்றாள். வழவழப்பான நல்ல அட்டை. பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடுங்கள் என்று அதில் எழுதியிருந்ததாம். அப்புறம் பென்சிலைக் கையில் கொடுத்து, பதினொன்று பத்து காட்டுகிற கடிகாரம் வரையச் சொன்னாள். நம் சர்ச் கோபுரத்துக் கடிகாரத்தை நாற்பத்தாறு வருஷம் பார்த்து, குழி வெட்டி, அடக்கத்துக்கு நேரம் சொன்னவன் நான். வட்டம் போட்டு இரண்டு முள்ளையும் அந்தந்த இடத்தில் நிறுத்தினேன். "நம்பர் எங்க ஐயா?" என்றாள். நம்பர் எனக்கு எழுத வராது. அதற்கு மார்க்கு இல்லை.

கடைசியில், "பிள்ளைங்க எத்தனை பேரு?" என்றாள்.

"மூணு."

சத்யராஜ் குறுக்கே வந்தான். "ரெண்டு டாக்டர். எங்கண்ணன் எறந்துட்டாரு. நான் ஒருத்தன் இருக்கறேன்."

நான் மறுபடியும் மூணு என்றேன். மூணாவது பிள்ளை எங்கே என்றாள். கல்லறைத் தோட்டத்தில், கிழக்குச் சுவர் ஓரம் என்று சொன்னேன். அதை அவள் ரொம்ப நேரம் எழுதினாள்.

முப்பதுக்குப் பதிமூன்று. ஜூன் மாதம் இன்னொரு தரம் பார்ப்பாளாம். குடும்பத்தை அறிந்தவர் யாராவது என்னைப் பற்றி எழுதிக் கொடுக்கலாம் என்றாள். சத்யராஜுக்குச் சலோமியைத் தெரியாது. உன் அண்ணி எல்லம்மாள் உயிரோடு இருந்தவரை அந்தப் பேரை வாயில் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. அவளும் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இனி நீ ஒருத்திதான். மூன்று என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

உன் அண்ணன்
யேசுதாஸ்

பி.கு.: கைநாட்டு மை காய்வதற்குள் குமாரவேல் தாளை மடித்துவிட்டார். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும்.


ஓசூர்
11.4.2025

அன்புள்ள அண்ணா,

கடிதம் நேற்று வந்தது. தாளின் இரண்டு பக்கத்திலும் உன் கட்டைவிரல் இருந்தது. பழைய பேச்சையெல்லாம் விடு. நானும் விட்டுவிட்டேன்.

இதற்கா இவ்வளவு கலங்கினாய்? எனக்கும் இந்தச் சோதனை வைத்தார்கள். என் மகன்தான் கூட்டிப்போனான். முப்பதுக்கு இருபத்தெட்டு. "டீச்சரம்மா, நீங்க எனக்கே க்ளாஸ் எடுக்கலாம்" என்றார் டாக்டர். எத்தனை வருடம் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்திருப்பேன்? இதுவும் ஒரு பரீட்சைதான். என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு, அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். தேதி கேட்டால் தவக்காலம் சொல்லக் கூடாது. போகிற அன்று காலையில் நாள்காட்டியைப் பார்த்துக்கொள். எந்த மாடி என்று கேட்பார்கள், படியேறும்போதே எண்ணிக்கொள்.

கடிகாரத்துக்கு முதலில் பன்னிரண்டையும் ஆறையும் போட வேண்டும். பிறகு மூன்று, ஒன்பது. மற்றவை தாமாக இடம் பிடித்துக்கொள்ளும். இத்துடன் ஒரு தாளில் எண்களைப் புள்ளி வைத்து எழுதியிருக்கிறேன். அந்தப் புள்ளிகள் மேலேயே பென்சிலால் இழுத்துப் பழகு. நீ மண்வெட்டி தூக்கி என்னைப் படிக்கவைத்தாய். நான் உனக்கு ஒன்று, இரண்டு கூடச் சொல்லித் தரவில்லை. இது நேற்று இரவு இந்தத் தாளைத் தயாரிக்கும்போதுதான் தோன்றியது.

பிள்ளைகள் பற்றிய கேள்விக்கு ஏன் மூன்று என்றாய் என்று விளங்கவில்லை. ஜோசுவா, சத்யராஜ். இரண்டு. பதற்றத்தில் வாய் தவறியிருக்கும். அடுத்த முறை நிதானமாக இரண்டு என்று சொல்.

அன்புடன்
லில்லி


செவிலிமேடு
24.4.2025

லில்லிக்கு,

உன் கடிதத்தைக் குமாரவேல் இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை நான்தான் கேட்டேன். "டீச்சரம்மா சும்மா வெளையாட்டுக்கு எழுதியிருப்பாங்கபா" என்றார். நீ விளையாட்டுக்கு எழுதுகிறவள் இல்லை.

நான் சொல்கிறேன், கேள். எமர்ஜென்சி வந்த வருஷம். கார்த்திகை அடைமழை, புதன்கிழமை. பிள்ளை பிறந்து பத்தொன்பதாம் நாள். ராத்திரி பால் குடித்தது, விடிந்தபோது சில்லிட்டிருந்தது. நீ டீச்சர் டிரெயினிங்கில் இருந்தாய். தந்தி கிடைத்து மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாய், நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவையோடு. குழியை நான்தான் வெட்டினேன். வேறு யாரையும் விடவில்லை. பாலாற்று ஈரம், மூன்றடிக்குள் தண்ணீர் ஊறிவிட்டது. சட்டியால் இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது. நீ குடையைப் பிடித்தாய். என் தலைக்கு இல்லை, குழிக்குப் பிடித்தாய். உன் பின்னலிலிருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்து அவள் கையில் சுற்றினாய். சலோமி என்று பேர் வைத்ததும் நீதான். ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே போய்விட்டாள், பேர் இல்லாமல் எப்படிப் புதைப்பது என்று கேட்டாய். பழைய ஆயருக்குக் கண்ணில் புரை. அடக்கப் பதிவேட்டை உன் பக்கம் தள்ளி, "நீயே எழுதும்மா" என்றார். நீ எழுதினாய்.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுக் குழி வெட்டுவதற்கு முன்னால், பக்கத்தில் யார் யார் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நான் கடப்பாரை போடுவேன். நம் அப்பா அப்படித்தான் செய்வார். தலைமாட்டில் இன்னார், கால்மாட்டில் இன்னார், இடது கைப் பக்கம் இன்னார். நம் ஆட்களில் யார் கல் வைத்தார்கள்? பேரைச் சொன்னால்தான் இடம் தெரியும். இடம் தெரிந்தால்தான் எலும்பில் இடிக்காது. அதனால் மண்ணுக்குள் போனவரை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடுகிற பழக்கம் எனக்கு வரவில்லை. அந்த டாக்டர் பெண்ணுக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய புள்ளிகள்மேல் தினமும் இழுத்துப் பார்க்கிறேன். ஷாரோன் பென்சில் சீவித் தருகிறாள். பென்சிலை நான் கடப்பாரை பிடிக்கிற மாதிரி பிடிக்கிறேன் என்று குமாரவேல் சிரிக்கிறார். எட்டு வருகிறது. இரண்டு இன்னும் சரியாக வரவில்லை.

யேசுதாஸ்


ஓசூர்
9.5.2025

அன்புள்ள அண்ணா,

போன ஞாயிறு சத்யராஜ் இங்கே வந்திருந்தான். பலாப்பழம் கொண்டுவந்தான். "அத்தை, டாக்டர் குடும்ப விவரம் கேக்கறாங்க. நீங்க டீச்சர், நீங்க எழுதினா மதிப்பாங்க" என்றான். எழுதிக் கொடுத்தேன். என் அண்ணன் நேர்மையானவர், உழைப்பாளி, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவர், அவருக்கு இரண்டு மகன்கள் என்று எழுதினேன். எல்லாம் உனக்குச் சாதகமாகத்தான் எழுதியிருக்கிறேன். இல்லாத ஒன்றைச் சேர்த்து எழுத என்னால் முடியாது.

நீ கோபப்படக் கூடாது. நீ எத்தனையோ பச்சைக் குழந்தைகளுக்குக் குழி வெட்டியிருக்கிறாய். அதில் ஏதோ ஒரு பிள்ளை உன் மனதில் தங்கிவிட்டது. வயதாக ஆக அது உன் பிள்ளையாகிவிட்டது. அப்படி நேர்வதுண்டு என்று படித்திருக்கிறேன். அந்த வாரம் எனக்குப் பயிற்சிப் பள்ளியில் தேர்வு. நான் ஊருக்கு வரவேயில்லை. வெள்ளைப் புடவையில் சேறு பட்டிருந்தால் எனக்கு மறக்குமா?

இன்னொரு முறை இதைப் பற்றி எழுதாதே. எனக்குத் தலை வலிக்கிறது.

சுகாசினிக்கும் ஷாரோனுக்கும் என் அன்பு. அத்தை கேட்டதாக ஜோசுவாவிடம் சொல். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் போன் செய்வான். இப்போது செய்வதில்லை. வேலை அதிகமோ?

லில்லி


செவிலிமேடு
20.5.2025

லில்லிக்கு,

கடைசி நாலு வரிக்கு முன்னால் குமாரவேல் நிறுத்திவிட்டார். "இன்னா நின்னுட்ட? படி" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் படித்தார். சுகாசினி பக்கத்தில்தான் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. அரிசியில் கல் இல்லை, இருந்தாலும் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நீ கேட்டதை ஞாயிற்றுக்கிழமை போய் ஜோசுவாவிடம் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே குமாரவேலை சர்ச் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். இப்போது இருக்கிற ஆயர் சின்ன வயசு. பரண்மேல் இருந்து பழைய பெட்டியை இறக்கித் தந்தார். கரையான் ஓரமெல்லாம் தின்றிருந்தது, நடுவில் எழுத்து இருக்கிறது. குமாரவேல் விரலை வைத்துக்கொண்டே ஒவ்வொரு பேராகப் படித்துவந்தார். ஒவ்வொரு பேருக்கும் இடம் எங்கே என்று நான் சொன்னேன். ஆயர் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பக்கம் வந்தது. சலோமி, யேசுதாஸ் எல்லம்மாள் தம்பதியின் மகள், வயது பத்தொன்பது நாள், 26.11.1975, கிழக்குச் சுவர். குமாரவேல் தாளைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "யேசு, இது ஒன் தங்கச்சி எழுத்துபா. முப்பது வருசம் கவருமேல பாத்திருக்கறேன்."

அவர் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் படிக்க வராது. உன் எழுத்து தெரியும்.

இரண்டு ஜெராக்ஸ் எடுத்தோம். ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். இன்னொன்றை டாக்டரிடம் கொடுக்கப்போகிறேன். ஜூன் இருபத்தாறாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் மூணு என்று நான் சொன்னது புத்தி கெட்டுச் சொன்னதில்லை என்று தெரிந்துவிடும்.

யேசுதாஸ்


ஓசூர்
4.6.2025

அண்ணா,

இதைக் குமாரவேல் உனக்கு மட்டும் படித்துக் காட்டட்டும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில்.

கையெழுத்து என்னுடையதுதான். எழுதியது நினைவில் இல்லை. மூன்று நாள் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை, குடை, ரிப்பன் என்று நீ சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தேடினேன். ஒன்றும் இல்லை. அழித்த கரும்பலகை என்று எழுத வந்தேன். அழித்த பலகையில் சாக்பீஸ் தடமாவது இருக்கும். இது அப்படியும் இல்லை.

உன் கடிதத்தில் ஜோசுவா பற்றிய வரி எனக்குப் புரியவில்லை. மருமகளிடம் கேட்டேன். அவள் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாம், தெரியுமே, பேச்சுக்குக் கேட்டேன்" என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை.

இருபத்தெட்டு எப்படி வாங்கினேன் என்று சொல்கிறேன். முதல் முறை போய் வந்ததும் கேள்விகளை எல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன். தினமும் படிக்கிறேன். காலையில் எழுந்ததும் நாள்காட்டியைப் பார்த்துத் தேதியை உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன். கடிகாரம் தினம் ஒன்று வரைகிறேன். என் மாணவி ஒருத்தி இப்படிச் செய்திருந்தால் வெளியே நிற்கவைத்திருப்பேன். பரீட்சை எழுதுவது மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

என் மகன் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் விண்ணப்பம் வாங்கிவைத்திருக்கிறான். மேசை இழுப்பறையில் பார்த்தேன். பெயர், வயது நிரப்பியிருக்கிறது. தேதி மட்டும் போடவில்லை. ஒவ்வொரு முறையும் நான் பாஸ் செய்துவிடுவதால் காத்திருக்கிறான். மோசமானவன் இல்லை. நான் பால் வைத்து மறந்து வீடு முழுக்கப் புகை. அவன் என்ன செய்வான்?

இரண்டு மகன்கள் என்று நான் எழுதிய தாள் டாக்டரிடம் இருக்கிறது. நீ கொண்டுபோகும் தாளும் என் கையெழுத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கு நினைவு போய்விட்டது என்று தெரிந்துவிடும். சத்யராஜ் பக்கத்தில் இருப்பான். அன்று மாலையே இங்கே போன் வரும்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. சுகாசினிக்குக் கூரை வேண்டும் என்பது எனக்குத் தெரிகிறது. இன்று தெரிகிறது. நாளை எனக்கு இது தெரியாமல் போகலாம் என்பதால் இன்றே எழுதித் தபாலில் போடுகிறேன்.

லில்லி


செவிலிமேடு
2.7.2025

லில்லிக்கு,

இருபத்தாறாம் தேதி போய் வந்தோம்.

அதே டாக்டர் பெண்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வேறு மாதிரி கேள்விகள் இருக்கிறதாம். "போன தடவையே அதைக் கேட்டிருக்கணும் ஐயா, நான்தான் கவனிக்கலை" என்றாள். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. தேதி சொன்னேன், மாடி சொன்னேன். ஒரு கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அவள் நடுவில் ஒரு தடவை இருமியதையும் சேர்த்துச் சொன்னேன். சத்யராஜ் கூடச் சிரித்துவிட்டான். மூன்று புதுச் சொல் கேட்டபோது பழைய மூன்றையும் சேர்த்து ஆறாகச் சொன்னேன். நானே கேட்டு வாங்கிக் கடிகாரம் வரைந்தேன். பன்னிரண்டும் நம்பர் போட்டேன். இரண்டு மட்டும் கொஞ்சம் கோணல்.

அப்புறம் பைலைத் திறந்தாள். உன் தாள் மேலேயே இருந்தது. தலைகீழாகத்தான் தெரிந்தது, இருந்தாலும் உன் எழுத்து. ஜெராக்ஸ் என் சட்டைப் பையில் இருந்தது. நாலாக மடித்து வைத்திருந்தேன். வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சத்யராஜ் என் நாற்காலிக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"பிள்ளைங்க எத்தனை பேரு ஐயா?"

"ரெண்டு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போன தடவை மூணுன்னு சொன்னீங்களே."

"வயசாச்சில்லமா. குழி வெட்னவன். எந்தப் புள்ளையோ மனசுல தங்கிப்பூட்டுது."

நீ எழுதின வார்த்தைதான் அது. எனக்கு வேறு வரவில்லை.

அவள் சிரித்தாள். "இப்ப தெளிவா இருக்கீங்க" என்றாள். எழுதினாள். சீல் வைத்தாள். வெளியே வந்து சத்யராஜ் டீ வாங்கித் தந்தான். "நைனா, சரியாயிட்ட" என்றான். மனுவை வாபஸ் வாங்கிவிட்டான். அண்ணியை ஒன்றும் சொல்லமாட்டேன் என்றான். திங்கட்கிழமை பதிவு முடிந்தது. பத்து விரலையும் மிஷினில் வைத்து எடுத்தார்கள். ரேகை தேய்ந்துவிட்டது, மூன்று தடவை வைக்கவேண்டி இருந்தது. பாதி மனை சுகாசினி பேரில் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து அவள் உலை வைத்தாள்.

ஜெராக்ஸைக் குமாரவேலிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொல்லிவிட்டேன். பதிவேடு பழையபடி பரண்மேல் இருக்கிறது. உன் வீட்டுக்கு யாரும் போன் பண்ணமாட்டார்கள்.

நேற்றுச் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சலோமியிடம் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். சொல்லவில்லை. நின்றுவிட்டு வந்தேன்.

ஒன்று செய்ய வேண்டும். இப்போது குழிக்கு மிஷின் வருகிறது. ஓட்டுகிறவன் ஐயம்பேட்டை ஆள், யார் பேரும் அவனுக்குத் தெரியாது. மேற்குப் பக்கம் நிரம்பிவிட்டது, அடுத்தது கிழக்குச் சுவர்தான். நான் போய் நின்று இங்கே என் பிள்ளை இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. ரெண்டு என்று சொல்லித்தான் சர்டிபிகேட் வாங்கியிருக்கிறேன். அதனால் ஒரு கல் வைக்கப்போகிறேன். இத்தனை வருஷம் எனக்குக் கல் வேண்டியிருக்கவில்லை.

கல் வெட்டுகிறவன் கம்ப்யூட்டர் எழுத்து வைத்திருக்கிறான். அது வேண்டாம் என்றேன். சலோமி என்று உன் கையால் ஒரு தாளில் எழுதி அனுப்பு. கொஞ்சம் பெரிதாக எழுது. பேர் மட்டும் போதும். யார் பிள்ளை என்று வேண்டாம். சத்யராஜ் அந்தப் பக்கம் வருவான், பார்ப்பான்.

உன் அண்ணன்
யேசுதாஸ்


ஓசூர்
15.7.2025

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த மாதச் சோதனையில் இருபத்தொன்பது. டாக்டர் கைகொடுத்தார்.

நீ ஒரு பெயர் எழுதி அனுப்பச் சொன்னாய். உன் கடிதத்தை எங்கேயோ வைத்துவிட்டேன், தேடினால் கிடைக்கவில்லை. நல்லவேளை, பெயரை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

சலோமி

சலோமி

சலோமி

இரண்டாவது கொஞ்சம் கோணிவிட்டது. மற்ற இரண்டில் எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள். கல்லில் வெட்டுகிறவரிடம் எழுத்துக்களை நெருக்கிவிடாமல் வெட்டச் சொல். இடைவெளி இருந்தால்தான் தூரத்திலிருந்து படிக்க முடியும்.

அழகான பெயர். தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். யாருடைய பிள்ளை என்று நீ எழுதவில்லையே.

அன்புடன்
லில்லி